சுவரில் உப்புப் பூத்தால் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள்

மழைக்காலம் முடிந்து தை, மாசி வந்துவிட்டால் என் போனுக்கு வரும் போட்டோக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹால் சுவரின் அடியில் இரண்டடி, மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, தரையோரம் வெள்ளை மாவாக உதிர்ந்து கிடக்கும். "போன வருஷம்தான் சார் டேம்ப் ப்ரூஃப் அடிச்சோம்" என்ற வரியும் கூடவே வரும். ஈரம் வராமலிருக்க அடிக்கும் அந்தப் பெயிண்டை அடித்ததால்தான் ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறியிருக்கிறது என்று போனிலேயே சொன்னால் யாரும் நம்புவதில்லை. நேரில் போய், பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

செங்கல் தண்ணீர் குடிக்கும். நல்ல செங்கலே குடிக்கும். சாதாரணச் சுட்ட செங்கலை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் அதன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று செங்கலுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1077 அனுமதிக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கும் மேல். அடிமண்ணில் ஈரம் இருந்து, நடுவில் தடுப்பு இல்லாவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் சுவர் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏறுகிற தண்ணீர் சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாகிவிடும். மண்ணிலும் செங்கலிலும் கலவையிலும் இருந்து அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு மட்டும் தங்கிவிடும். மழை நின்று சுவர் காயத் தொடங்கும்போது உப்பு வெளியே தெரிவது இதனால்தான்.

உப்பு சுவரின் வெளிமுகத்தில் பூத்தால் பெரிய சேதமில்லை, துடைத்துவிடலாம். பெயிண்ட், பட்டி, வாட்டர் ப்ரூஃப் பூச்சு என்று முகத்தை அடைத்துவிட்டால் அது உள்ளேயே, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிறது. சோடியம் சல்பேட் என்ற உப்பு இதில் மகா கெட்டது. அந்த உப்புக் கரைசலில் சுமார் 32 டிகிரிக்கு மேல் உருவாகும் படிகத்தில் தண்ணீர் இருக்காது. அதற்குக் கீழே, ஈரம் கிடைத்தால், தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் பருத்துவிடும். நம் ஊரில் வெயில் படும் சுவர் பகலில் 32 டிகிரியைத் தாண்டுவதும் ராத்திரி கீழே இறங்குவதும் அன்றாடம் நடப்பது. படிகம் பருக்கிற ஒவ்வொரு தடவையும் பூச்சைப் பின்னாலிருந்து நெம்புகிறது. சாவியால் தட்டிப் பாருங்கள், பொத்துப் பொத்தென்று சத்தம் கேட்கும். அந்த இடத்தில் பூச்சு செங்கலை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அடைப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஆவியாக வழி இல்லாத தண்ணீர் இன்னும் மேலே ஏறி வழி தேடும். "அசிங்கமா இருக்கு" என்று நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் டைல்ஸுக்கு மேலே புதிதாக ஒரு ஈரக்கோடு கிளம்பியிருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஆகவே முதல் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்கு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வெளியே ஒரு சுற்று வருவேன். தமிழ்நாட்டில் பழைய வீடுகளின் முக்கால்வாசிக் கதை தெருவிலேயே இருக்கிறது. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவுறுத்தியும் எல்லாத் தெருவிலும் அது நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. தெருத் தண்ணீர் வாசலுக்குள் வருகிறது என்று வீட்டுக்காரர் சுற்றிலும் மண் கொட்டி, மேலே சிமெண்ட் தளம் போட்டுவிடுவார். மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமலிருக்க பேஸ்மென்ட் மட்டத்தில் போட்டிருந்த அடுக்கு, அதாவது ஈரத்தடுப்பு, அந்த மண்ணுக்குள் புதைந்துபோகும். அது வெளித்தரையிலிருந்து குறைந்தது அரையடி உயரத்தில் இருக்க வேண்டியது. புதைந்த பிறகு இருந்தும் பயனில்லை. சுவரை ஒட்டிப் பூச்செடிக்குப் பாத்தி கட்டுவதும் இதே காரியத்தைத்தான் செய்கிறது.

பல வீடுகளில் ஈரத்தடுப்பே கிடையாது. "பெல்ட் காங்கிரீட் போட்டிருக்கே சார்" என்பார்கள். பெல்ட் என்பது சுவருக்கு அடியில் ஓடும் காங்கிரீட் பட்டை, சுவரின் பாரத்தைப் பரப்புவதற்குப் போடுவது. நெருக்கமான கலவையில் ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் போட்டு, காய்ந்தபின் பிட்டுமன் என்கிற தாரைப் பூசினால்தான் அது ஈரத்தையும் தடுக்கும். கட்டும்போது ஒரு நாள் வேலை, செலவும் சொற்பம். ஆனாலும் கான்ட்ராக்டர் முதலில் கைவைப்பது இதில்தான்.

எல்லா ஈரமும் மண்ணிலிருந்து ஏறுவதல்ல. சுவரின் நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே உயரத்தில் கோடு இருந்தால் மண்மேல் சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் திட்டாக இருந்து, பின்பக்கம் பாத்ரூம் இருந்தால் குழாயைப் பாருங்கள். மழைக்காலம், கோடைக்காலம் வித்தியாசமில்லாமல் ஈரம் இருந்தால் அது பெரும்பாலும் குழாயோ சம்ப்போதான். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மாடித் தொட்டியிலும் சம்ப்பிலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள். இதற்கு நிபுணர் தேவையில்லை. காற்றில் உள்ள ஈரம் படிகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்று குழப்பமாக இருந்தால் ஒரு சாண் அளவு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் காற்றிலிருந்து.

ஈரம் காட்டும் சின்ன மீட்டரைச் சுவரில் குத்தி எண்ணைக் காட்டி பயமுறுத்துபவர்கள் இப்போது அதிகம். உப்பு நிறைந்த பூச்சில் அந்த மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அதை மட்டும் நம்பிச் சுவரில் துளை போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரின் வழி தெரிந்து அதை நிறுத்திய பிறகுதான் சுவருக்கு வைத்தியம். ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரையடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியும்படி கொத்தி எடுத்துவிட வேண்டும். இதில் தயவே கூடாது. பழைய பூச்சில் தங்கியிருக்கும் உப்பில் சில வகை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். தண்ணீரின் வழியை அடைத்த பிறகும் ஐப்பசியில் அதே இடம் மறுபடி கறுப்பது அதனால்தான். கொத்திய பிறகு காய்ந்த பிரஷால் தேய்த்து, விழும் உப்பைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். அப்புறம் காய விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. நம் வெயிலில் கொஞ்சம் முன்பின் ஆகலாம், ஆனால் பெயிண்டர் சொல்கிற பத்து நாளில் ஒன்பது அங்குலச் சுவர் காயாது. பொங்கலுக்குள், கல்யாணத்துக்குள் முடித்துத் தரச் சொல்பவர்களிடம் நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை.

சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய வீடுகள், செட்டிநாட்டிலும் தஞ்சை வட்டாரத்திலும் இருப்பவை, தனி ரகம். அந்தச் சுவர்களில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு கிடையாது. சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் தாராளமாக வெளியேறுவதால் தலைமுறைகளாகத் தாக்குப்பிடித்தன. அதில் சிமெண்ட் பூசுவதுதான் ஆபத்து. நாலைந்து வருஷம் பளிச்சென்று இருக்கும். உள்ளே செங்கல் பொரிந்து பொடியாகிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். இந்த வீடுகளுக்குத் திரும்பச் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. தேடினால் கிடைக்கிறார்கள்.

புது வீட்டில் முதல் வருஷம் லேசாக வெள்ளை பூத்தால் பதற வேண்டாம், ஒரு பருவம் பெயிண்ட் அடிக்காமல் துடைத்துக்கொண்டே இருங்கள். கட்டப் போகிறவர்கள் செங்கலை முன்பே சோதித்துவிடலாம். லோடுக்கு ஐந்தாறு கல்லை எடுத்து, ஓர் அங்குலம் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிக் கல் காய்ந்ததும் அதே அளவு இன்னொரு முறை ஊற்றிக் காயவிடுங்கள். பாதி முகத்துக்கு மேல் வெள்ளையாகப் பூத்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஐ.எஸ். 3495 சொல்லும் சோதனையும் ஏறக்குறைய இதுதான்.

வெளித்தரையை இறக்க வழியில்லாத, தடுப்பும் இல்லாத வீடுகளுக்கு ஊசி போடும் முறை உண்டு. அடிவரிசைக் கலவை இணைப்பில் நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டு, தண்ணீரை ஒட்டவிடாத சிலேன் கிரீமை ஏற்றுவார்கள். கலவை முழுசாக நிரம்பிய சுவரில் வேலை செய்யும். இணைப்புகளில் பொந்து விட்டுக் கட்டியிருந்தால் கிரீம் பொந்துக்குள் போய்விடும், ஈரம் பழைய வழியில் ஏறும். இந்த வேலைக்குக் கொட்டேஷன் வாங்கினால் வாரண்டி எத்தனை வருஷம் என்று பார்ப்பதற்கு முன், பழைய பூச்சைச் செங்கல் வரை எடுப்பது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.