எலும்பில்லாத வாழைப்பழம்

நல்லெண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரோல் அற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பொய்யல்ல. கொலஸ்ட்ரோல் விலங்குணவில்தான் இருக்கும். எள்ளைப் பிழிந்த எண்ணெயில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வாழைப்பழத்தில் எலும்பில்லை என்று கூவி விற்பதற்கு ஒப்பானது இது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது என்பதோ சிறிய எழுத்தில் பின்பக்கம் கிடக்கும்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் மருந்தாளராக இருக்கிறேன். நான் பார்த்த வரையில் விளம்பரங்கள் முழுப் பொய் சொல்வது குறைவு. ஓர் உண்மையைச் சொல்லி, நாம் கேட்க வேண்டிய கேள்வியை மறக்கடித்துவிடுகின்றன. ‘இயற்கையானது, சலரோகக்காரருக்கு உகந்தது’ என்று பனங்கட்டி விற்கிறார்கள். இயற்கையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்; சீனியில் இருப்பதும் அதுவே. ஒரு துண்டோடு நிறுத்துகிறவர், ‘உகந்தது’ என்ற சொல்லை நம்பி மூன்றாவது துண்டையும் கடிப்பதுதான் ஆபத்து.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூலிகைத் தூள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். “தம்பி, இதைக் குடிக்கத் தொடங்கியபின் சீனி இறங்கிவிட்டது. சலரோகத்துக்குப் போடும் மெற்போமின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். டப்பாவின் முன்பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரை. அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கொடுக்கப்படுவது. தூள் நோயைக் குணமாக்கும் என்பதற்கு அல்ல. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான எழுத்தில் ‘இனிப்பு, வெள்ளைச் சோறு தவிர்க்கவும். தினமும் அரை மணி நேரம் நடக்கவும்’ என்றிருந்தது. வாசித்துக் காட்டினேன். “அதையும் செய்கிறேன்தான்” என்றார். பிறகு எதற்குத் தூள்? வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சீனி சட்டென்று இறங்கினால் எனக்கு வேறு பயமும் வரும். 2008 இல் சிங்கப்பூரில், ஆண்மை ஊக்கிகளாகக் களவாக விற்கப்பட்டவற்றில் கிளைபென்கிளமைட் என்ற சலரோக மருந்து கலந்திருந்தது. சலரோகமே இல்லாத 150 பேர் வரை சீனி அளவு தாழ்ந்து வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவுபெற்ற சித்த வைத்தியர் நோயாளியைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். முகநூலில் விற்பவர் உங்கள் முகத்தையே பார்த்ததில்லை.

முகம் என்றதும் வெள்ளையாக்கும் கிறீம் நினைவுக்கு வருகிறது. கலியாண வீடுகள் தொடங்கும் காலத்தில் இதற்கு மவுசு கூடும். ‘ஏழே நாளில் பலன்’ என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். அவ்வளவு விரைவாக நிறம் மாறினால், உள்ளே பாதரசமோ குளோபெற்றசோல் போன்ற கடும் ஸ்ரீரொயிட்டோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்ரீரொயிட் தோலை மெலியவைக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து பருக்கள் கிளம்பும், பூசினால் அடங்கும். அதனால் அடுத்த டப்பியும் வாங்குவார்கள். வியாபாரமே அதில்தான் ஓடுகிறது. அண்மையில் ஒரு பிள்ளை கொண்டுவந்த டப்பியில் உற்பத்தியாளர் பெயரும் இல்லை, இறக்குமதியாளர் முகவரியும் இல்லை. காலாவதித் திகதி தனியாக ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு திகதி.

பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், மாவட்டச் செயலகத்திலுள்ள அலுவலகத்துக்கும் போகலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். பற்றுச்சீட்டு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கூரியரில் வந்த பொருளுக்குப் பற்றுச்சீட்டு பெரும்பாலும் இருக்காது. ஆகவே பொதியைக் கிழிக்குமுன் அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ள ஒட்டியைப் படமெடுத்து வையுங்கள். விளம்பரத்தையும் அன்றைக்கே படமாகச் சேமியுங்கள். முறைப்பாடு போகும் நேரத்தில் அந்தப் பக்கம் வேறு பெயரில் வேறு கிறீம் விற்றுக்கொண்டிருக்கும்.