நியூரோமோர்பிக்: 'மூளைக் கணினி' வேண்டாம், 'நரம்புரு' போதும்

நாய் மாதிரியும் பூச்சி மாதிரியும் நடக்கிற ரோபோக்களைப் பற்றிச் செய்தி வந்தால் கூடவே, நரம்புக்கலங்களைப் போலக் கட்டிய கணினிச் சில்லுகளை (சிப்) குறிக்கிற நியூரோமோர்பிக் என்ற சொல்லும் வருகிறது, எங்கள் ஆட்கள் உடனே 'மூளைக் கணினி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

வேர் கிரேக்கம். நியூரோன் நரம்பு, மோர்பே உரு. நியூரோன் முதலில் தசைநாணைத்தான் குறித்தது, மூளையோடு அதற்குத் தொடர்பே இல்லை. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்வர் மீட் நியூரோமோர்பிக் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நரம்புக்கலத்தை மென்பொருளில் பாவனை செய்யாமல் மின்சுற்றையே அதன் உருவில் கட்டுவதுதான் அவருடைய யோசனை.

சாதாரணக் கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்குப் பார்ப்பது வேறிடம், தரவு அங்குமிங்கும் அலைவதிலேயே நிறைய மின்சாரம் போய்விடும். நியூரோமோர்பிக் சில்லுகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மின்துடிப்பு வந்தால் செயற்கை நரம்புக்கலம் வேலை செய்யும், வராவிட்டால் சும்மா கிடக்கும். 2014இல் ஐபிஎம் வெளியிட்ட ட்ரூநோர்த் சில்லில் செயற்கை நரம்புக்கலங்கள் 10 லட்சம், மின்செலவு ஏறத்தாழ 70 மில்லிவாட்தான். பற்றரியைத் தானே சுமந்து நடக்கிற ரோபோவுக்கு இது சின்ன விசயமில்லை.

சரி, மூளை என்று சொன்னால் என்ன பிழை? மாரி மழைக்குப் பிறகு வன்னியில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் புதைகிற சேற்றிலும் மாடு எங்கேயோ பார்த்துக்கொண்டு வரம்போரமாக நடந்து போய்விடும், ஏனென்றால் எந்தக் காலை எப்போது தூக்குவது என்ற தாளத்தை மூளை அடிக்கு அடி சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அது முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாணில் (தண்டுவடம்) இருக்கிற நரம்புச் சுற்றுகளின் வேலை. 1911இலேயே உடற்றொழிலியல் ஆய்வாளர் கிரஹாம் பிரவுன், மூளையிலிருந்து முண்ணாணைத் துண்டித்த பூனையின் கால் தசைகள் மாறி மாறி இயங்குவதைக் காட்டினார். 2007இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அவுக்கே எய்ஸ்பேர்ட் குழுவினர் சலமாண்டர் என்ற ஈரூடகவாழியைப் போல ஒரு ரோபோ செய்தார்கள். மூளைக்குப் பதிலாக மேலிருந்து வரும் சமிக்ஞையைக் கூட்டக் கூட்ட அது நடையை விட்டு நீச்சலுக்கு மாறியது, மிச்சத்தை முண்ணாண் மாதிரியான சுற்று பார்த்துக்கொண்டது. (அந்தச் சுற்று சாதாரணச் சில்லில் எழுதிய நிரல்தான், ஆகவே அதை நியூரோமோர்பிக் என்று சொல்லமுடியாது. செய்திகளில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.) இப்படியான சுற்றுகளை இப்போது துடிப்பில் இயங்குகிற நியூரோமோர்பிக் சில்லுகளிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள்.

அதனால் நரம்பு, உரு இரண்டையும் சேர்த்து நரம்புரு என்கிறேன்: நரம்புருக் கணிமை, நரம்புருச் சில்லு. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னாலும் ஓரளவு விளங்கும். சிலர் 'நரம்பியல் கணினி' என்றும் எழுதுகிறார்கள், அதைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் நரம்பு கிளினிக் மேசையில் இருக்கிற கணினி என்றுதான் அம்மா நினைப்பா.