ஒரு நாளுக்கு 12,500 யென்

செய்யாத கொலைக்காக 47 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த இவாவோ ஹகமாடாவுக்கு 2025 மார்ச்சில் ஜப்பான் நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு 21,73,62,500 யென், நம் பணத்தில் சுமார் 12 கோடி ரூபாய். கடைசி ஐந்நூறு வரைக்கும் எப்படிக் கணக்கிட்டார்கள்?

அந்நாட்டுச் சட்டப்படி, குற்றமற்றவரைச் சிறையில் வைத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் 1,000 முதல் 12,500 யென் வரை தரலாம். இழந்த வருமானம், மன வேதனை, போலீசின் தவறு எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் விகிதத்தை முடிவு செய்யும். ஹகமாடாவுக்குக் கிடைத்தது உச்ச விகிதம். 1966 ஆகஸ்டில் கைதாகி 2014 மார்ச்சில் வெளியே வரும்வரை 17,389 நாட்கள். பெருக்கினால் அதே தொகை.

நான்கு பேரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் அவர். கொலை நடந்து 14 மாதம் கழித்து, அவர் வேலை பார்த்த மிசோ ஆலையின் தொட்டியில் ரத்தக்கறை படிந்த உடைகள் கிடைத்தன. கறையில் சிவப்பு மிச்சமிருந்தது. அதுதான் இடித்தது. மிசோ என்பது உப்புப் போட்டுப் புளிக்க வைத்த சோயா விழுது. உப்பும் அமிலத்தன்மையும் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினைச் சிதைத்துவிடும். ஓராண்டுக்கு மேல் ஊறிய ரத்தம் கருத்துப்போக வேண்டும். ஹகமாடாவின் வழக்கறிஞர் தரப்பு இதைச் சோதனை செய்தே காட்டியது. உடைகள் புலனாய்வாளர்கள் ஜோடித்த சாட்சியம் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மனநிலை சிதைந்திருந்ததால் அதைக் கேட்க அவர் வரவில்லை. அக்கா ஹிதேகோதான் வந்தார்.

ஜப்பானில் தூக்குத் தேதியை அன்று காலையில்தான் கைதிக்குச் சொல்வார்கள். தண்டனை உறுதியான 1980-க்கு அப்புறம் ஒவ்வொரு விடியலும் அவருக்கு அப்படித்தான். சாதாரணக் கைதிக்கும் அவருக்கும் ஒரே உச்சவரம்பு என்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் ஆண்டுக்கு 50,000 டாலர், மரண தண்டனைக் கைதிக்கு அதுவே 1,00,000 டாலர் வரை.

நம் நாட்டில் இப்படி ஒரு விகிதமே கிடையாது. அடிப்படை உரிமை பறிபோனதாகப் போடும் ரிட் மனுவில் நீதிமன்றம் பார்த்துக் கொடுப்பதுதான். பீகாரில் ருதுல் சா விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டுகள் சிறையிலேயே கிடந்தார். 1983-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அவருக்குக் கிடைத்தது மொத்தம் 35,000 ரூபாய், அதாவது நாளுக்கு ஏழு ரூபாய் கூட இல்லை. முழு நஷ்டஈடு வேண்டுமானால் தனியாக சிவில் வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். சிறையிலிருந்து வெறுங்கையோடு வருபவர் வக்கீல் கட்டணத்துக்கு எங்கே போவார்? பணத்தோடு மனநல சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் தரச் சொல்லி 2018-ல் சட்ட ஆணையம் மசோதா வரைவோடு அறிக்கை கொடுத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.