பொடியை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

காரைக்குடியில் நாங்கள் வீடு மாறிய வாரமே காபி கெட்டுப்போனது. அதே கடைப் பொடி, அதே பித்தளை ஃபில்டர், போடுவதும் அதே அம்மாதான், ஆனால் டம்ளரில் வந்தது சப்பென்று, மணம் இல்லாமல், கசப்பு மட்டும் நாக்கில் தங்குகிற ஏதோ ஒன்று. பொடியைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். சிக்கரியைக் குறைத்து வாங்கிப் பார்த்தோம், பாலை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் சரியாகவில்லை. கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "பொடியக் குத்தம் சொல்லாதீக, தண்ணிதான் சரியில்ல" என்றார்கள். பழைய வீட்டுக் குழாயில் வந்தது சம்பை ஊற்றுத் தண்ணீர். புது வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்.

அப்பத்தா சொன்னது முழுக்க வேதியியல். நல்ல கெட்டி டிகாஷனிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதுதான் பொடியிலிருந்து ருசியை இழுத்து வருகிறது. வறுத்த காபிக்கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது எடையில் ஏறக்குறைய 30 சதவீதம், மீதி மரத்தூள் மாதிரி நார். அந்த முப்பதையும் இழுத்துவிடவும் கூடாது, 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் ருசி சரியாக இருக்கும் என்பது காபித் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கும் கணக்கு. காரணம், எல்லாம் ஒரே வேகத்தில் கரைவதில்லை. புளிப்புத் தரும் அமிலங்கள் முதலில் ஓடி வரும், அப்புறம் வறுத்த வாசனையும் இனிப்பும், நாக்கைப் பிடிக்கிற கசப்பும் துவர்ப்பும் கடைசியில். சீக்கிரம் வடிந்தால் புளிக்கும், ரொம்ப நேரம் ஊறினால் கசக்கும்.

நம் ஃபில்டர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பாத்திரம். வெந்நீர் பட்டதும் பொடி பொங்குகிறதே, அது வறுக்கும்போது கொட்டைக்குள் மாட்டிக்கொண்ட கரியமில வாயு வெளியேறுவது. பொங்காத பொடி என்றால் வறுத்து, அரைத்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். வாயு வெளியேறும்போது தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளும், அதனால் முதலில் பொடி நனையும் அளவுக்குக் கொஞ்சமாக ஊற்றி, அரை நிமிடம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். பொடி மேல் வைக்கிற குடை, ஊற்றும் தண்ணீர் ஒரே இடத்தில் குழி பறித்து இறங்கிவிடாமல் பரப்பி விடுகிறது. அதை அழுத்தி வைத்தால் சொட்டாமல் நின்றுவிடும், பொடி மேல் மெதுவாக உட்கார்ந்தால் போதும். சிக்கரிக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. அது ஒரு செடியின் வேர், காஃபீன் கிடையாது, இனுலின் என்ற மாவுப்பொருள் நிறைய, வறுத்தால் கருகிய சர்க்கரை மாதிரி ருசி வரும். தண்ணீர் பட்டால் உப்பி, இறக்கத்தை மெதுவாக்கும். காபியைவிட அதிகமாகக் கரையவும் செய்யும். நம் டிகாஷன் அவ்வளவு கறுப்பாக, கெட்டியாக இறங்குவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. சிக்கரி போட்டால் அது காபியே இல்லை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். மழைத்தண்ணீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. அது மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடந்தால் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் கரைத்துக்கொள்ளும், ஆழ்துளைக் கிணற்றில் நமக்குக் கிடைப்பது அதுதான். கால்சியமும் மக்னீசியமும் அளவாக இருந்தால் நல்லதே, காபியின் ருசிப் பொருள்களைப் பொடியிலிருந்து இழுக்க உதவும். கெடுப்பது பைகார்பனேட். அது அமிலத்தை முறிக்கிற காரம், காபியின் ருசியில் அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பைகார்பனேட் அதிகமானால் அந்த அமிலத்தை அடக்கிவிடும், கூர்மை போய் சப்பென்று ஆகும், கசப்பு மட்டும் தனியாக நிற்கும். எங்கள் புது வீட்டு டம்ளரில் நடந்தது இதுதான்.

அதற்காக ஆர்ஓ தண்ணீருக்கு ஓடாதீர்கள். அதில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடுகிறது, அமிலத்தைத் தாங்க ஒன்றும் இல்லாமல் டிகாஷன் வெறும் புளிப்பாக, ஒல்லியாக இருக்கும். காபிக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வாக்கில் தாது உப்பு கரைந்திருந்தால் நல்லது என்பார்கள். இந்தியக் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கிறது, அதாவது குடிக்க நல்ல தண்ணீர் எல்லாம் காபிக்கு நல்ல தண்ணீர் இல்லை. செட்டிநாட்டு ஊர்களில் ஊருணித் தண்ணீரைக் குடிக்கத் தனியாக வைத்திருந்ததும், வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) ஓட்டிலிருந்து விழும் மழையை அண்டா வைத்துப் பிடித்ததும் காபிக்காக இல்லை, தண்ணீர் அரிதான பூமி இது. ஆனால் ஊருணியில் தேங்குவது மேல்மண்ணில் மட்டும் ஓடி வந்த மழை, தாது குறைந்த மென்மையான தண்ணீர், காபிக்கு அது வாய்த்துவிட்டது.

போர் தண்ணீர்தான் என்றால் முந்தின இரவே பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். சூட்டில் பைகார்பனேட் உடைந்து, கால்சியம் கார்பனேட்டாக அடியில் வெள்ளையாகப் படியும், வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒட்டுகிற அதே சுண்ணாம்புதான். தெளிவை மட்டும் மெதுவாக இறுத்து, காலையில் அதைச் சுட வைத்துப் போடுங்கள். நாக்கில் உவர்க்கிற தண்ணீருக்கு இது உதவாது, சோடியம் உப்பு கொதிப்பில் போகாது, இன்னும் கொஞ்சம் செறிவாகும்.

நாங்கள் இப்போது மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கிறோம். உங்கள் போர் வேறு மாதிரி இருக்கும், அளவை நீங்களே பிடிக்க வேண்டும். ஒரே பொடியில் இரண்டு சின்ன ஃபில்டர் போட்டு, பால் விடாமல் குடித்துப் பாருங்கள், பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்து மறைத்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்ததும் அப்பத்தா வீட்டுக்குக் கேன் எடுத்துக்கொண்டு போகிறேன். முதல் மழையை விட்டுவிடுவார்கள், அது ஓட்டுத் தூசி. இரண்டாவது, மூன்றாவது மழையிலிருந்துதான் அண்டா வைப்பார்கள். அதை ஆர்ஓ தண்ணீருக்குப் பதிலாகக் கலந்து பார்க்க வேண்டும்.