விதவைச் சிலந்தியின் முட்டைக்குள் வளரும் குளவி

நச்சுச் சிலந்திகளைக் கட்டுப்படுத்த மருந்து தெளிப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. அவற்றின் முட்டைகளையே உணவாகக் கொள்ளும் பூச்சிகள் சில இருக்கின்றன.

லாட்ரோடெக்டஸ் பேரினத்தைச் சேர்ந்த விதவைச் சிலந்திகளின் நஞ்சிலுள்ள ஆல்ஃபா-லாட்ரோடாக்சின் என்னும் புரதம், நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் வேதிப்பொருள்களை மொத்தமாக வெளியேற்றிவிடுவதால், கடிபட்டவருக்குக் கடுமையான தசைவலியும் வியர்வையும் உண்டாகின்றன, உயிரிழப்பு அரிது. பூச்சிக்கொல்லி வளர்ந்த சிலந்தியைக் கொன்றாலும், இழைகளால் இறுகப் பின்னிய பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

அந்தப் பைக்குள் நுழையவென்றே உருவானது போன்றது பேயஸ் லாட்ரோடெக்டி என்னும் குளவி. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அதன் பெண்ணுக்கு இறக்கைகள் கிடையாது. தலையும் மார்பும் வயிறும் நெருங்கி ஒட்டி, உடல் முழுவதும் ஒரே உருண்டையாகத் தெரியும். பறக்கும் ஆற்றலை இழந்தது குறைபாடு போலத் தோன்றினாலும், நெருக்கமான இழைகளை விலக்கிக்கொண்டு ஊர்ந்து செல்ல வேண்டிய உயிருக்கு இறக்கை வெறும் இடைஞ்சல்தான். உள்ளே சென்றதும் அது முட்டை முட்டையாக ஏறி, முட்டையிடும் ஊசியைச் செலுத்தி, ஒவ்வொன்றிலும் தன் முட்டை ஒன்றை வைக்கிறது. சிலந்திக் கரு உருவெடுத்துவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்பதால், பை புதிதாக இருக்கும்போதே இந்த வேலை முடிந்தாக வேண்டும். பொரிந்த புழு, முட்டையின் சத்து முழுவதையும் உண்டு, அந்த ஓட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, முழுக் குளவியாக ஓட்டைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஒரு குளவியின் வளர்ச்சிக்குத் தேவையான உணவும் உறைவிடமும் ஒரேயொரு சிலந்தி முட்டைக்குள் கச்சிதமாக அடங்கிவிடுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

சூடோகாராக்ஸ் என்னும் சிறு ஈயின் புழுக்களும் இதே பைகளுக்குள் புகுகின்றன. ஆனால் அவை முட்டைக்குள் வளர்வதில்லை, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கின்றன.

1930-களின் இறுதியில் கலிபோர்னியாவிலிருந்து பேயஸ் குளவிகள் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இத்தகைய முயற்சியிலிருந்து முழு ஒழிப்பை எதிர்பார்க்கக் கூடாது. சிலந்தி குறைந்தால் குளவிக்கு முட்டை கிடைக்காமல் அதுவும் குறையும். ஒரு பெண் சிலந்தி ஒரே பருவத்தில் பல பைகளை உண்டாக்குவதால், தப்பிய ஓரிரு பைகளே இனத்தைத் தொடரப் போதுமானவை. எண்ணிக்கை பெருகாமல் அழுத்திவைப்பதுதான் இம்முறையின் பயன்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விதவைச் சிலந்திகளுள் ஒன்றான செம்முதுகுச் சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து தன் புழுவுக்கு உணவாக்கும் அஜெனியாய்டியஸ் நிக்ரிகார்னிஸ் என்னும் குளவிக்கு 1775-ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டப்பட்டுவிட்டது. அது அந்தச் சிலந்தியை வேட்டையாடுகிறது என்ற செய்தியோ 2012-இல்தான் ஆய்வுலகில் பதிவாயிற்று. எந்தப் பூச்சி எதை உண்கிறது என்று பொறுமையாகப் பார்த்து எழுதும் பணிக்கு நிதி ஒதுக்க எவரும் முன்வராததே இத்தகைய தாமதத்துக்குப் பெருங்காரணம் என்று கருதுகிறேன். வெளியிலிருந்து கொண்டுவரும் குளவி தீங்கற்ற சிலந்திகளின் முட்டைகளையும் தாக்குமா என்பதை, திறந்துவிடுவதற்கு முன்பே அடைத்துவைத்துச் சோதித்தாக வேண்டும். அதற்கு ஆண்டுகளும் பணமும் தேவை. அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டுக் குளவியை மட்டும் இறக்குமதி செய்யும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.