பைன் மர வளையத்தில் பதிவாவது மழையா, குளிரா?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வெட்டிய பைன் மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தேன். சில வளையங்கள் நல்ல அகலம், சில தலைமுடி அளவுக்கு மெலிசு. அகலமானது நல்ல மழை பெய்த ஆண்டு, மெலிந்தது வறட்சி ஆண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா? வளையங்கள் எந்தப் பக்கம் அகலமாக இருக்கிறதோ அது வெயில் படும் திசை என்கிறார்களே, அதுவும் உண்மையா?"

இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்விக்குப் பதில்: சில மரங்களில் ஆம், சில மரங்களில் மழைக்கும் வளையத்துக்கும் பெரிய தொடர்பே கிடையாது, வெப்பம்தான் எல்லாம். அந்த மரம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய உயிருள்ள அடுக்கு. அது உள்பக்கமாகக் கட்டையை உண்டாக்குகிறது, வெளிப்பக்கமாகப் பட்டையை. குளிர்காலத்தில் உறங்கும், வசந்தத்தில் விழிக்கும். ஆண்டுக்கு ஒரு சுற்று, எனவே ஆண்டுக்கு ஒரு வளையம். பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரே வகைச் செல்தான்: டிரக்கீடு. நீளமான, இரு முனையும் மூடிய குழாய். நீரை மேலே ஏற்றுவதும் அதுவே, மரத்தைத் தாங்கி நிறுத்துவதும் அதுவே. எனவே இந்த மரங்களில் வளையம் என்பது, ஒரே வகைச் செல் பருவத்துக்குத் தகுந்தபடி உருவம் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதுதான்.

வசந்தத்தில் பிறக்கும் டிரக்கீடுகள் பெரியவை, சுவர் மெல்லியது, நடுவில் பெரிய வெற்றிடம். வெளிறித் தெரியும் இந்தப் பகுதி முன்பருவக் கட்டை. கோடை முடிவில் பிறப்பவை தட்டையாக, தடித்த சுவரோடு, நடுவில் கீற்று போன்ற இடைவெளியோடு இருக்கும். அடர் பழுப்பாகத் தெரியும் பின்பருவக் கட்டை அது. அடுத்த வசந்தத்தில் திடீரென்று மறுபடி பெரிய செல். அந்தத் திடீர் மாற்றம்தான் நம் கண்ணுக்கு வளையத்தின் கோடாகத் தெரிகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்: ஒரு டிரக்கீடு எப்படி உருவாகிறது என்பது. கேம்பியத்தில் பிரிந்து பிறந்ததும் அது முதலில் பெரிதாக வேண்டும். செல்லுக்குள் நீர் புகுந்து அழுத்தம் ஏறுகிறது, இன்னும் இறுகாத மெல்லிய சுவர் அந்த அழுத்தத்தில் விரிகிறது. மரத்தில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும், விரிவது நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, ஒளிச்சேர்க்கை நிற்பதற்கு வெகு முன்பே செல் விரிவது நின்றுவிடுகிறது என்பது. மரத்திடம் சர்க்கரை இருக்கும், இலைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் புதுச் செல்லைப் பெரிதாக்க நீரழுத்தம் போதாது. வறட்சி ஆண்டில் வளையம் மெலிவதை "மரம் பட்டினி கிடந்தது" என்று விளக்குவது வழக்கம். பல சமயம் அது பட்டினியே இல்லை, விரியத் தேவையான அழுத்தம் இல்லாமல் போனதுதான். குளிரிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கேம்பியத்தின் வேலை ஏறத்தாழ நின்றுபோகிறது, இலையோ அந்தக் குளிரிலும் ஓரளவு சர்க்கரை தயாரித்துக்கொண்டிருக்கும்.

விரிந்து முடிந்ததும் இரண்டாம் கட்டம். செல் உள்பக்கமாகத் தன் சுவரைத் தடிக்க வைக்கிறது, செல்லுலோஸ் அடுக்குகள், அவற்றை இறுக்கும் லிக்னின். கடைசியில் அந்தச் செல் தன் உள்ளடக்கத்தைத் தானே கரைத்துவிட்டு இறக்கிறது. இறந்த பிறகுதான் அது நீர்க்குழாயாக உதவத் தொடங்குகிறது!

கோடை முடிவில் சுவர் தடிப்பது ஏன்? அந்தச் சமயம் மரத்துக்கு உணவு மிச்சம் இருக்கும், அதைச் சுவரில் கொட்டுகிறது என்பது நீண்ட நாளாகச் சொல்லப்பட்ட விளக்கம். பிரான்சின் வோஜ் மலைகளில் ஸ்ப்ரூஸ், ஃபிர், பைன் மரங்களிலிருந்து வாரம் தவறாமல் மிகச் சிறிய கட்டை மாதிரிகளை எடுத்து, ஒவ்வொரு செல்லும் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2014-இல் வெளியான அந்த முடிவு என்னை இன்னும் வியக்க வைக்கிறது. வளையத்தின் பெரும்பகுதியில் ஒரு செல்லுக்குச் செலவாகும் சுவர்ப் பொருளின் அளவு அவ்வளவாக மாறுவதே இல்லை, மாறுவது செல்லின் அளவு. ஒரே அளவு பெயிண்டைப் பெரிய சுவரில் அடித்தால் மெல்லிய பூச்சு, சிறிய சுவரில் அடித்தால் தடித்த பூச்சு, அவ்வளவுதான். பருவம் போகப் போக செல் விரியும் நாட்கள் குறைகின்றன, செல் சிறிதாகிறது, அதே பொருள் சிறிய சுற்றளவில் பரவும்போது சுவர் தடிக்கிறது. வளையத்தின் கடைசிச் சில செல்களில் மட்டும் கதை மாறும். குளிர் வந்துவிட்டதால் அவற்றின் சுவர் கட்டும் வேலை மிக மெதுவாகி, முழுதாக முடியாமலும் போகிறது.

மரத்தின் சுற்றளவு கூடுவதும் அது கார்பனைச் சேமிப்பதும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை என்பதையும் அடுத்த ஆண்டே காட்டினார்கள். முதலில் பருக்கிறது, ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் அதன் எடை உச்ச வேகத்தில் கூடுகிறது.

இதற்கெல்லாம் தேவைப்பட்டது பெரிய இயந்திரம் எதுவுமில்லை. வாரம் ஒருமுறை, மழையோ பனியோ, யாராவது காட்டுக்குள் போக வேண்டும், மாதிரியை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் செல்களை எண்ண வேண்டும். இப்படிப்பட்ட பொறுமையான வேலைக்குப் பணம் கேட்டால் "இதில் புதுமை என்ன?" என்ற கேள்விதான் முதலில் வரும். மூன்று ஆண்டுத் திட்டம், மூன்று ஆண்டுக்குள் கட்டுரை என்ற கணக்கில் நிதி ஒதுக்கும் வரை, நூறாண்டு வாழும் மரங்களைப் பற்றி நமக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும் என்பது என் திடமான கருத்து.

சரி, வாசகரின் கேள்வி. செல் விரிவதற்கு நீரும் வேண்டும், வெப்பமும் வேண்டும். இரண்டில் எது தட்டுப்பாடோ, அதைத்தான் வளையம் பதிவு செய்யும். கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் பிரிசில்கோன் பைன்கள் நிற்கின்றன. 4,800 ஆண்டுகளுக்கும் மேல் வயதான மெதூசலா என்ற மரம் அங்கேதான் இருக்கிறது. அந்த மலையில் தாழ்ந்த சரிவில் நிற்கும் பைனுக்குக் குறை நீர். அதன் அகலமான வளையம் மழை ஆண்டு. மேலே, மரங்கள் முளைக்கக்கூடிய உயர எல்லையில் நிற்கும் அதே இனப் பைனுக்குக் குறை வெப்பம். அதன் அகலமான வளையம் வெப்பமான ஆண்டு. உயர எல்லையில் நிற்கும் மரங்கள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போட்ட வளையங்கள், அதற்கு முந்தைய 3,700 ஆண்டுகளில் எந்த ஐம்பதாண்டிலும் இல்லாத அளவுக்கு அகலம் என்று 2009-இல் வந்த ஆய்வு காட்டியது. சற்றுக் கீழே நிற்கும் மரங்களில் அப்படி இல்லை.

நீரும் வெப்பமும் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், ஓடைக்கரையில் ஆழமான மண்ணில் நிற்கும் மரம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் வளையம் போட்டுக்கொண்டே போகும். அதிலிருந்து தட்பவெப்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் மர வளையங்களை ஆராயும் துறைக்காரர்கள் பாறைச் சரிவில் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும் மரத்தைத் தேடிப் போகிறார்கள். தட்பவெப்பத்தைப் படிப்பதற்கு முன் வேறு சிலவற்றையும் கழிக்க வேண்டும். மரம் பருக்கப் பருக்க அதே அளவு கட்டை பெரிய சுற்றளவில் பரவுவதால் வளையம் தானாகவே மெலியும். பக்கத்து மரம் விழுந்து வெளிச்சம் கிடைத்தால் சில ஆண்டுகள் அகலமாகும். ஊசியிலைகள் பல ஆண்டு மரத்திலேயே இருப்பவை, மொட்டுகள் முந்தைய ஆண்டே உருவாகிவிடுபவை. எனவே போன ஆண்டின் கஷ்டம் இந்த ஆண்டின் வளையத்திலும் தெரியும்.

அகலத்தை மட்டும் அளப்பது பாதி வேலைதான். குளிர்ப் பகுதிகளில் கோடை வெப்பத்தை அறிய, பின்பருவக் கட்டையின் உச்ச அடர்த்தியை எக்ஸ்ரே கொண்டு அளக்கிறார்கள், அது அகலத்தைவிடத் துல்லியமாகச் சொல்கிறது. காரணம் மேலே சொன்னதுதான், சுவர் கட்டுவதற்குக் கோடையின் பிற்பகுதி வரை வெப்பம் வேண்டும். பெரிய எரிமலை வெடிப்பின் புகைத்திரை வெயிலை மறைத்துத் தொலைதூர இடங்களையும் குளிர்விக்கக்கூடும். 1783 ஜூனில் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடிக்கத் தொடங்கியது. அலாஸ்காவின் வெண் ஸ்ப்ரூஸ் மரங்களில் அந்த ஆண்டு வளையத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், பின்பருவக் கட்டை வளர வேண்டிய இடத்தில் வேலை சட்டென்று முடிந்துபோயிருக்கிறது. கோடையின் முற்பகுதி சரியாகத்தான் இருந்திருக்கிறது, முடிவுதான் கெட்டுப்போனது. ஒரே வளையத்துக்குள் மாதக்கணக்கு வரை பிரித்துப் படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வளரும் பருவத்தின் நடுவே கடும் உறைபனி வந்தால், இன்னும் சுவர் இறுகாத செல்கள் நசுங்கிக் கோணலாகிவிடும். அது உறைபனி வளையம். பிரிசில்கோன் பைன்களில் இவற்றில் பல, பெரிய எரிமலை வெடிப்புகளை ஒட்டிய ஆண்டுகளில் அமைந்திருப்பதை 1984-இல் கவனித்தார்கள்.

அடிக்கட்டையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் பொய் வளையத்தில் ஏமாந்துவிட வேண்டாம். கோடை நடுவே நீர் தட்டுப்பட்டால் செல்கள் சிறிதாகும், சுவர் தடிக்கும், பின்பருவக் கட்டை மாதிரியே ஒரு கருங்கோடு விழும். பிறகு மழை பெய்தால் செல்கள் மறுபடி பெரிதாகத் தொடங்கும். ஒரே ஆண்டில் இரண்டு கோடு. உருப்பெருக்கியில் பார்த்தால் பிரித்துவிடலாம்: பொய்க்கோடு இரு ஓரத்திலும் மெல்ல மெல்லக் கரையும், உண்மையான ஆண்டு எல்லையின் வெளிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இதற்கு நேர்மாறாக, மிகக் கொடிய ஆண்டுகளில் மரத்தின் ஒரு பக்கத்தில் கேம்பியம் ஒரு செல் கூடப் போடாமல் விட்டுவிடும், அந்த ஆண்டே அங்கே காணாமல் போகும். அதனால் ஒரு மரத்தை எண்ணி நிறுத்துவதில்லை. பல மரங்களின் அகலம்-மெலிவு வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த முறையை வளர்த்தெடுத்தவர் அரிசோனாவின் வானியலாளர் ஏ.இ. டக்ளஸ், சூரியக் கரும்புள்ளிகளின் சுழற்சி மரத்தில் பதிகிறதா என்று தேடி வந்தவர், 1929-இல் பழங்குடிகளின் தொன்மையான கட்டடங்களுக்கு ஆண்டு சொல்லும் அளவுக்குப் போனார்.

கடைசியாக, வெயில் படும் திசை. இது வெறும் நம்பிக்கை, காட்டில் வழி தவறினால் தயவுசெய்து இதை வைத்து நடக்காதீர்கள். ஒரு பக்கம் வளையம் அகலமாவதற்குப் பெரும்பாலும் காரணம் சாய்வு. சரிவில் நிற்கும் மரமோ, எப்போதும் ஒரே திசையிலிருந்து வீசும் காற்றில் வளைந்த மரமோ, தன்னை நிமிர்த்திக்கொள்ள முயலும். ஊசியிலை மரம் சாய்ந்த பக்கத்தின் அடியில் சிவந்த நிறத்தில், லிக்னின் மிகுந்த, வட்டமான செல்கள் கொண்ட அழுத்தக் கட்டையைப் போட்டு, கீழிருந்து தள்ளி நிமிர்கிறது. அகலமான பக்கம் சரிவின் கீழ்ப்பக்கமாகவோ, காற்று போகும் பக்கமாகவோதான் இருக்கும். அகன்ற இலை மரங்களில் இது தலைகீழ்: அவை மேல்பக்கத்தில் இழுவிசைக் கட்டையைப் போட்டு, மேலிருந்து இழுத்து நிமிர்கின்றன.