பழைய கட்டடம் என்பதே இடிப்பதற்கான காரணம் ஆகாது

பழைய கட்டடங்களை இடிக்கக் கோரி வரும் விண்ணப்பங்களைப் பரிசீலித்துக் கருத்துச் சொல்லும் பொறியாளன் என்ற முறையில், ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து மனம் சலித்த நிலையில் இதை எழுதுகிறேன். "கட்டடம் மிகப் பழமையானது; சுவர்களில் விரிசல்கள் காணப்படுகின்றன; எந்நேரமும் இடிந்து விழக்கூடும்; ஆகவே இடித்து அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது." ஒரு சிறு நகரத்தின் பழைய அலுவலகக் கட்டடத்துக்காக அண்மையில் வந்த, கட்டடத்தின் உறுதி பற்றிய பொறியாளர் சான்றிலும் இதுவே இருந்தது. இரண்டு பக்கக் கடிதம், சாலையில் நின்று எடுத்த சில படங்கள், அவ்வளவுதான்; அளவீடு என்று ஒன்றுகூட இல்லை. கூடுதல் விவரம் கேட்டு எழுதியதற்குப் பதில் வருவதற்குள் கூரையின் தேக்குச் சட்டங்கள் கழற்றி விற்கப்பட்டுவிட்டன. கூரையை இழந்த சுவர் அடுத்த மழைக்குத் தாங்காது என்பதை அறிய யாருடைய சான்றும் தேவையில்லை.

அதிகாரிகளின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு, பொறுப்பில் உள்ள எவரும் ஒரு கட்டடத்தைப் பற்றி "இருக்கட்டும்" என்று எளிதாகச் சொல்லத் துணியமாட்டார். உண்மையிலேயே காப்பாற்ற முடியாத கட்டடங்கள் உண்டு. அவற்றை இடிக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆபத்தான கட்டடம் எது, பழைய கட்டடம் எது என்று பிரித்துப் பார்க்காமல் போடப்படும் கையெழுத்து எந்தக் குழந்தையையும் காப்பாற்றுவதில்லை. நேற்றுக் கட்டிய சுவருக்கு அடித்தளம் சரியில்லையென்றால் அதுவும்தான் விழும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறான எண்ணம், கட்டடத்துக்கு "ஆயுள் முடிந்துவிட்டது" என்பதாகும். ஐம்பது, அறுபது ஆண்டுகள் என்று சான்று எழுதுவோர் சொல்லும் கணக்கு கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு உரியது. கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் நுழைந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவருக்குள் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்லக் கல்லாக இறுகும் பொருள். நன்றாகப் புளிக்கவைத்து அரைத்துச் சுர்க்கி எனும் செங்கற்பொடி சேர்த்த காரை, பூசிய ஆண்டில் இருந்ததைவிட நூறாண்டு கழித்து வலுவாக இருப்பது அரிதன்று. அடித்தளம் சற்றே அசைந்தால் அத்தகைய சுவர் சிறிது வளைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல்களை, கரைந்து மீண்டும் படியும் சுண்ணாம்பே அடைத்துவிடுவதும் உண்டு. ஆகவே ஒரு பொருளுக்குரிய ஆயுட்கணக்கை முற்றிலும் வேறான இன்னொரு பொருளின் மீது ஏற்றி, "இது 1900க்கு முன் கட்டியது, எனவே பலவீனமானது" என்று எழுதுவதைப் பொறியியல் என்று என்னால் ஏற்க இயலாது.

இதைவிட மோசமானது கருவியைக் காட்டி அச்சுறுத்துவது. கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அளப்பதற்கான ரீபவுண்ட் சுத்தியலைச் சுண்ணாம்புப் பூச்சின் மீது வைத்து அழுத்தி, எண் குறைவாக வந்தது என்று அறிக்கையில் அட்டவணை போடுகிறார்கள். குறைவாகத்தான் வரும்! அந்த எண் சுவரின் வலிமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஒன்றரை அடித் தடிமனும் முப்பது அடி உயரமும் உள்ள செங்கற்சுவர் இரண்டு தளங்களைத் தாங்குவதாகக் கொள்வோம். சுவரின் சொந்த எடையையும் கூரைகளின் எடையையும் சேர்த்தாலும், அடிப்பகுதியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ சுமைதான் விழும். நல்ல நிலையில் உள்ள சுண்ணாம்புக் காரைச் சுவர் இதைப்போலப் பல மடங்கு தாங்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதும். போட்டுப் பார்த்தவர்களின் அறிக்கை என் கைக்கு வருவது அரிதாக இருக்கிறது.

பழைய கட்டடங்கள் விழுவதேயில்லை என்று நான் சொல்லவில்லை. அவை எங்கே விழுகின்றன என்பது பழுத்த கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் தெரியும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குச் சட்டங்களின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் திமிசுக் கட்டையால் தட்டி இறுக்கியிருப்பார்கள். இதில் முதலில் கெடுவது, சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனிதான். கூரையின் வடிகுழாய் அடைத்து நீர் தேங்கினால் அந்த நுனி ஊறி இற்றுப்போகும். நடுப்பகுதி அப்போதும் திடமாகவே இருக்கும். இற்ற நுனியை வெட்டி எடுத்துப் புது மரத்தைப் பொருத்தலாம், அல்லது சுவரோரமாக இரும்புத் தாங்கி கொடுத்துச் சட்டத்தை நிறுத்தலாம். ஓர் அறையின் சில சட்டங்களுக்குச் செய்ய வேண்டிய இந்த வேலைக்காகக் கட்டடம் முழுவதையும் இடிக்கச் சொல்கிறார்கள். ஒழுகலை நிறுத்துவதாக எண்ணி ஆண்டுதோறும் கூரை மேல் சிமென்ட் தளம் போட்டு எடையைக் கூட்டியவர்களும், அதன் மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியவர்களும், பிறகு கூரை தொய்கிறது என்று கட்டடத்தையே குறைசொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சுவரின் ஓதத்துக்கும் பெரும்பாலும் நாமே காரணம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடக்கூடியது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லையே பொடியாக்கும். தரையில் நீர் புகாத ஓடுகளைப் பதித்தால் நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலும் மேலும் போட்டு, வாசற்படியைவிடத் தெருவை உயர்த்திவைத்திருக்கும் ஊர்களில் இந்தக் கேடு இரட்டிப்பாகிறது.

இரண்டு கட்டடங்களை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபுக்காக 1768ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகால், 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரைகள் சரிந்து நின்றது. மேலே சொன்ன இரண்டு பக்கச் சான்றை எழுதியவர் அன்று அதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பைக் கொண்டே சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. மாறாகப் புதுச்சேரிக் கடற்கரையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி எனும் பிரெஞ்சுக் கால நகரமன்றக் கட்டடம், பழுதுபார்ப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இன்று அங்கே நிற்பது நகல். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வயதில் இல்லை; ஒன்றைக் கவனித்தார்கள், மற்றொன்றைக் கைவிட்டார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் காப்பது, நினைவுச்சின்னங்கள் என்று முறையாக அறிவிக்கப்பட்டவற்றை மட்டுமே. நம் தெருக்களில் உள்ள பழைய பள்ளிகளும் சத்திரங்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் அவற்றுள் வருவதில்லை. அண்ணா சாலையில் 1897இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006இல் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2010 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு அந்த இடிப்பைத் தடுத்ததுடன், நீதிபதி பத்மநாபன் குழுவின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள 400க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலின்றி இடிக்கக்கூடாது என்ற நிலையை உருவாக்கியது. அந்தப் பாதுகாப்பு சென்னைக்கு உரியது. மாநிலம் முழுமைக்குமான பாரம்பரிய ஆணையத்துக்கு 2012இல் சட்டம் இயற்றப்பட்டும், அது பத்தாண்டுகளுக்கு மேல் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. தீர்ப்பு மட்டும் கூரையைப் பழுதுபார்த்துவிடாது என்பதற்கு, வழக்கில் வென்ற பிறகும் பல்லாண்டுகள் சீரமைப்பின்றி நின்ற அதே பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் சான்று.

சான்று எழுதும் பொறியாளர்களே, உள்ளே போய்ப் பார்க்காமல் எழுதாதீர்கள். கூரை மேல் ஏறுங்கள். குறைந்தது சில சட்ட நுனிகளையாவது திறந்து பாருங்கள். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அளந்து எழுதுங்கள். விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி குறித்து ஒரு மழைக்காலம் கண்காணியுங்கள்; சில்லு உடையாவிட்டால் அந்த விரிசல் பழைய அசைவின் தழும்பே தவிர, வரப்போகும் விபத்தின் அறிகுறி அன்று. அதுவரை ஐயம் உள்ள பகுதிக்கு முட்டுக் கொடுத்து, ஆள் நடமாட்டத்தைத் தடுத்தால் போதும். கோப்பைப் பரிசீலிக்கும் அதிகாரிகள், அளவீடு இல்லாத சான்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். பழுதுபார்க்க ஆகும் செலவின் மதிப்பீடு இல்லாத இடிப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளவே கூடாது.

வீட்டு உரிமையாளர்களிடம் கடுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பாகப்பிரிவினை முடியாத வீட்டைப் பராமரிப்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் அறிவேன். புதுச்சேரி வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த திட்டத்தில், முகப்பைச் சீரமைக்கும் செலவில் ஒரு பங்கை உரிமையாளர்கள் ஏற்க, மறுபங்கைத் திட்டம் ஏற்றது. அத்தகைய உதவியை நம் நகராட்சிகளும் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதுவரை உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். யாரேனும் குடியிருக்கட்டும், அது முடியாவிட்டால், ஐப்பசி மழை தொடங்குமுன் ஓர் ஆளை அனுப்பிக் கூரையைப் பெருக்கச் சொல்லி, வடிகுழாய்களைத் திறந்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, அந்தப் பிளவுகளைச் சிமென்ட்டால் அல்லாமல் சுண்ணாம்புக் காரையாலேயே அடைத்துவையுங்கள்.